லயத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு பை



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

இரண்டு மூன்று வாரமாக நம்முடைய வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. "உங்கள் வீட்டில் 72 மணிநேர அவசரப் பை தயாரா?" என்று கேட்டு, கீழே முப்பது நாற்பது பொருட்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் வீதம் மூன்று நாளைக்குத் தண்ணீர், டின் உணவு, பவர் பேங்க், தூங்கும் பை, திசைகாட்டி, தீயணைக்கும் சிலிண்டர். கடைசி வரியில், "இதேபோல இன்னொரு பையைக் காரின் டிக்கியிலும் வையுங்கள்."

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மாவும் அதை எனக்கு அனுப்பியிருந்தார். கீழே ஒரு குரல் பதிவு: "டீச்சரம்மா, இதெல்லாம் வாங்க எவ்வளவு வரும்?" அவர் கொழுந்து பறிப்பவர். கிலோ குறைந்த நாளில் அரைப்பேர். வீட்டில் ஐந்து பேர். அந்தப் பட்டியலின் தண்ணீர் மட்டும் அறுபது லீற்றர், அதாவது அறுபது கிலோ. அதை வைக்க லயத்துக் காம்பராவில் எங்கே இடம்? வைத்தாலும் நடுச்சாமத்தில் யார் தூக்கிக்கொண்டு மேடு ஏறுவது?

பட்டியல் பிழையானது என்று சொல்ல வரவில்லை. அது வேறு யாரோ வாழும் வேறு ஒரு வீட்டுக்காக எழுதப்பட்டது. நம்முடைய மலைக்கு, நம்முடைய லயத்துக்கு, ஏன் டவுனில் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் கூட, வேறு மாதிரி ஒரு பை வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம். அந்தப் பையில் சாப்பாடு கடைசியாகத்தான் வரும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என்னிடம் அந்தப் "பட்டியல் பை" ஏற்கெனவே இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன். யூடியூப் பார்த்து நானே தயாரித்தது. கடந்த நவம்பரில் டித்வா வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டுதான் உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினேன். பின்பக்கத்து மண்மேடு அன்று சாயங்காலமே கொஞ்சம் கொஞ்சமாக உதிர ஆரம்பித்திருந்தது. சொந்தக்காரர் வீட்டில் போய் உட்கார்ந்து பையைத் திறந்தால், டின் மீன் நான்கு இருக்கிறது, திறப்பதற்கு ஒன்றும் இல்லை. டோர்ச் இருக்கிறது, பெட்டரி உள்ளேயே கசிந்து பச்சை பிடித்துப்போயிருக்கிறது. கைக்குட்டை அளவில் மடித்து வைக்கும் வெள்ளிநிறப் போர்வை கூட இருக்கிறது. உம்மாவின் இன்சுலினும் கிளினிக் கொப்பியும் இல்லை. என் கணவர் அந்த இருட்டில் திரும்பவும் அந்த மேட்டடிக்குப் போய் அதை எடுத்து வந்தார். இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், அவர் திரும்பி வந்தார். டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதில் பெரும்பகுதி கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில். நம்முடைய மலைகளில்.

பிறகு அதிபர் கூப்பிட்டார். பாடசாலையில் முகாம் போட்டாயிற்று, பதிவு எழுத ஆள் வேண்டும் என்றார். நான்கு நாட்கள் அங்கே இடாப்பை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மனிதர்கள் அவசரத்தில் எதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று நான் படித்தது அந்த வாசலில்தான். டீவியைத் தோளில் வைத்து வந்தார் ஒருவர். ஒரு பையன் சேவலை ஜம்பருக்குள் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு தாய் கைக்குழந்தையைத் தவிர வேறொன்றும் இல்லாமல், வெறுங்காலோடு. பாதி பேர் வெறுங்கால்தான். தகரமும் கண்ணாடியும் கிழித்த கால்கள்.

ஒரு பாட்டி வந்தார். எண்பது இருக்கும். கையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று, பொலித்தீனால் சுற்றி, ரப்பர் வளையம் போட்டது. மாற்றுத்துணி இல்லை, போர்வை இல்லை. மருமகள் கோபமாக, "குளிருக்கு ஒரு கம்பளிய எடுக்காம இந்த டின்ன தூக்கிட்டு வந்திருக்கு பாருங்க டீச்சர்" என்றாள். பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கம்பளி யாராச்சும் குடுப்பாங்க. இதக் குடுப்பாங்களா?"

டின்னுக்குள் அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம். செத்துப்போன புருஷனுடையது. நான்கு பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்த பழைய துண்டு, ஈ.பி.எஃப். காகிதங்கள், மகனின் மரணச் சான்றிதழ்.

அந்தப் பாட்டிக்கு யாரும் பேரிடர் முகாமைத்துவப் பயிற்சி கொடுக்கவில்லை. மலையகத்தின் சரித்திரம் கொடுத்த பயிற்சி அது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தபோது, இத்தனை வருடம் இங்கேதான் இருந்தோம் என்று நிரூபிக்கக் காகிதம் கேட்டார்கள். லயத்துக் காம்பராவில் யார் காகிதம் சேர்த்து வைத்திருந்தார்? காகிதம் இல்லை என்றே எத்தனையோ விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இங்கே என்றும் பங்கு பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். இந்தக் கணக்கெல்லாம் ஒருவழியாக முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. மூன்று தலைமுறை காகிதத்துக்காக அலைந்திருக்கிறது. அதனால் பாட்டிக்குத் தெரியும், மண்ணுக்குள் போனால் எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்று.

அரசாங்கம் வீடு துப்புரவு செய்ய 25,000 ரூபாய் அறிவித்த பிறகு, எங்கள் முகாமில் முதலில் படிவம் நிரப்பி முடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த மருமகள்தான். டீவி கொண்டு வந்தவர் அடையாள அட்டைப் பிரதிக்காகக் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்போது உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, புயலால் இடையில் நிறுத்தினார்கள். முகாமில் எங்கள் பழைய மாணவி ஒருத்தி மூலையில் அழுதுகொண்டிருந்தாள். வீடு போனதற்கு என்று நினைத்தேன். அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் மேசை லாச்சியில் இருந்ததாம், மேசை மண்ணுக்குள். பிறகு எப்படியோ சமாளித்தோம், அவள் மிச்சப் பாடங்களையும் எழுதினாள். ஆனால் அந்த அழுகையைப் பார்த்த எந்த டீச்சரும் "பையில் முதலில் என்ன வைக்க வேண்டும்" என்று வட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

ஆகவே முதலில் காகிதம். அடையாள அட்டையைத் தினமும் கையில் கொண்டுபோகிறவர்கள் அதன் போட்டோ பிரதியைப் பையில் வையுங்கள். மற்ற எல்லாவற்றிலும் மூலப் பிரதியே பையில் இருக்கட்டும். பிறப்பு, கல்யாணம், மரணப் பதிவுகள், ஈ.பி.எஃப்., வங்கிப் புத்தகம், அஸ்வெசும காகிதம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பரீட்சைப் பெறுபேறுகள். இரண்டு பொலித்தீன் பைகள், ஒன்றுக்குள் ஒன்று, வாயை மெழுகுதிரிச் சுடரில் காட்டி ஒட்டிவிடுங்கள். தேவைப்படும்போது வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டலாம். எல்லாவற்றையும் ஃபோனில் படம் எடுத்து, கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். ஒரு ஆளுக்கு மட்டும். தயவுசெய்து குழுவில் போட்டுவிடாதீர்கள். அடையாள அட்டைப் படத்தைக் குழுவில் போட்டு, பிறகு தன் பெயரில் யாரோ சிம் எடுத்திருக்கிறார்கள் என்று அழுதவர்களும் உண்டு.

காகிதத்தோடு ஒரு பெயர்ப் பட்டியலும் வேண்டும். இது எந்த இணையப் பட்டியலிலும் இல்லாத பொருள். இதைக் கற்றுத்தந்தது மீரியபெத்தை.

2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணி போல. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மேல் மலை இறங்கியது. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டிருந்ததால் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு. அன்று எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று பல நாட்களுக்கு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. முந்நூறு என்றார்கள், பிறகு நூறு என்றார்கள், கடைசியில் நாற்பதுக்குக் கீழே வந்து நின்றது. ஒவ்வொரு எண்ணும் வானொலியில் வரும்போது எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அழுகை எழுந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் வேலைக்குப் போயிருந்தார், யார் கொழும்பில், யார் விருந்துக்கு வந்து தங்கியிருந்தார் என்பது அந்த லயத்து ஆட்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அவர்களே இல்லாமல் போனால்?

அதனால் ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இடாப்பு வேண்டும். காம்பரா இலக்கம், அதில் இரவு படுப்பவர்கள் பெயர், வயது, நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார், வெளியூரில் இருக்கும் பிள்ளையின் ஃபோன் நம்பர். மூன்று பிரதி. ஒன்று லயத்தில் பொறுப்பான ஒருவரின் பையில், ஒன்று கிராம உத்தியோகத்தரிடம், ஒன்று பாடசாலையில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துவதை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்வார்கள். கணக்கெடுப்பு என்றால் அவர்களுக்குக் கொண்டாட்டம். ஒரு கொப்பித்தாள் செலவு.

அடுத்தது மருந்து. மலையகத்தில் சுகர், பிரஷர் குளிசை போடாத வீடு இப்போது குறைவு. கிளினிக்கில் மாதத்துக்குரிய குளிசை கிடைத்ததும், கடைசி வாரத்துக்குரியதைத் தனியாகப் பிரித்துப் பையில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் அதை எடுத்துப் போடுங்கள், புதியது வந்ததும் திரும்ப நிரப்புங்கள். அந்தக் கடைசி வாரம் மட்டும் பை கொஞ்சம் மெலியும், பரவாயில்லை. மருந்து பழசாகாது, காசும் செலவில்லை. கிளினிக் கொப்பி எப்போதும் பையிலேயே கிடக்கட்டும், கிளினிக் நாளில் எடுத்துப்போய்த் திரும்பப் பையில் போடுங்கள். என் கணவரின் இருபத்தைந்து நிமிடத்துக்காகச் சொல்கிறேன்.

இன்சுலின் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் நாட்கணக்கில் இல்லாமல் போனபோது சிலர் ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று இன்சுலினைக் கழித்து வீசிவிட்டார்கள். திறந்து பாவிக்கும் இன்சுலின் கடும் வெயில் படாமல் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. நம்முடைய ஊர்க் குளிருக்குப் பயமே இல்லை. உறைய மட்டும் விடக்கூடாது. உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை அடுத்த கிளினிக்கில் கேட்டுப் பையின் மேலேயே எழுதி வையுங்கள். ஜீவனி பைக்கற் நான்கைந்து, பெண்பிள்ளைகளுக்குத் தேவையான பேட், கைக்குழந்தை இருந்தால் பால்மா. முகாமில் பெண்பிள்ளைகள் வாய்திறந்து கேட்காமல் பட்ட கஷ்டத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆண்கள் வந்து கொடுத்த நிவாரணப் பொதிகளில் அது ஒன்றில்கூட இருக்கவில்லை.

செருப்பு. பையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள், எல்லோருக்கும் ஒவ்வொரு சோடி, பழசாக இருந்தாலும் சரி. பிறகு ஒரு விசில். கத்தினால் மழையில் குரல் போகாது, தொண்டைதான் போகும். பி.டி. வகுப்புக்கு வாங்கும் சாதாரண விசில் போதும். உதவி வேண்டும் என்றால் மூன்று தரம் ஊதுவது என்று லயத்துக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள். டோர்ச்சில் பெட்டரியைப் போட்டு வைக்காதீர்கள், பக்கத்தில் தனியாக வையுங்கள். மழைக்குக் கட்டும் படங்கு ஒன்று. கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, வெள்ளிநிறப் போர்வையைவிட ஆயிரம் மடங்கு உபயோகம். சாப்பாட்டுக்குக் கிரீம் கிராக்கர், சீனி, பேரீச்சம்பழம், ஒரு போத்தல் தண்ணீர். அவ்வளவுதான். ஒரு ஸ்கூல் பேக்கில் எல்லாம் அடங்கிவிடும். பிள்ளையின் பழைய பேக் சிப் உடைந்து எங்காவது கிடக்கும், அதுவே போதும்.

ஜப்பானில் வீட்டு வாசலருகே இப்படி ஒரு முதுகுப் பை வைப்பது பலருக்கும் பழக்கம். 1923 செப்டெம்பர் 1 பூமியதிர்ச்சியை நினைத்து ஒவ்வொரு வருடமும் அதே நாளில் ஒத்திகை பார்ப்பார்கள், பையையும் திறந்து சரிபார்ப்பார்கள். நமக்கும் ஒரு நாள் வேண்டும். ஒக்டோபர் 29ஐ அதற்கு வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கொரு யோசனை. ஆனால் அதற்கு முன்பே தென்மேல் பருவமழை வந்துவிடும், அட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அதுதான் பயம். பதுளைப் பக்கத்துக்கு ஆண்டுக் கடைசி மழை. ஆகவே இரண்டு தரம் திறந்து பார்ப்பது நல்லது.

இனி முக்கியமான பொருளுக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள். ஓர் அடிமட்டமும் ஒரு வெறும் டின்னும்.

பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எப்போது தூக்குவது என்று தெரியாவிட்டால் அது கதவுக்குப் பின்னாலேயே தொங்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அதாவது என்.பி.ஆர்.ஓ., மண்சரிவு அபாயத்துக்கு வைத்திருக்கும் கணக்கு மழையை அளப்பதுதான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருங்கள், 100 என்றால் புறப்பட ஆயத்தமாகுங்கள், 150 என்றால் வெளியேறுங்கள். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டியதுதான். ஃபோனில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வருவது இந்தப் படிகளே. ஆனால் டித்வாவில் நடந்தது ஞாபகம் இருக்கிறதல்லவா? கரண்ட் போனது, டவர் போனது, சிக்னல் போனது. பாதை மூடியது. எந்த நிறமும் நமக்கு வந்து சேரவில்லை.

மழை மட்டும் வந்து சேர்ந்தது. அதை நாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள நேரான டின் ஒன்றை, கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழாத வெட்டவெளியில் வையுங்கள். காலை ஆறு மணிக்கு வெறுமையாக்குங்கள். அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் 75 மில்லிமீற்றர். பத்து என்றால் பையை வாசலுக்கு எடுங்கள். பதினைந்து வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து, அதிலும் இருட்டப் போகிறது என்றால் கண்டிப்பாக வேண்டாம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அளவைப் பாடம் தெரியும். இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

டின் ஒன்றும் சொல்லாவிட்டாலும் மலை சொல்லும். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, நேற்றுவரை சாத்திய கதவு இன்று இறுகுவது, மரமும் தந்திக் கம்பமும் சாய்வது, பீலியில் வரும் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, தண்ணீரே இல்லாத இடத்தில் ஊற்றெடுப்பது. இதில் ஒன்றைக் கண்டால் அளவெல்லாம் பார்க்கக் கூடாது. ஓடையோரமாகக் கீழே ஓடாதீர்கள், சேறும் கல்லும் அந்த வழியாகத்தான் இறங்கும். பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போங்கள். எங்கே போவது என்பதை வெயில் நாளிலேயே நடந்து பார்த்து வையுங்கள். போகும் இடத்துக்கு மேலேயும் ஒரு சரிவு இருந்தால் அது இடமே இல்லை. 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 1990 சுவசெரிய அம்புலன்ஸ். இரண்டையும் காகிதத்தில் எழுதிப் பையில் ஒட்டுங்கள், ஃபோன் செத்தால் ஃபோனுக்குள் இருக்கும் நம்பரும் செத்துவிடும்.

இந்தப் பை மண்சரிவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்முடைய பத்திரிகைகளில் மண்சரிவைவிட அடிக்கடி வருவது லயத் தீ. ஒரே கூரை, பத்துப் பன்னிரண்டு காம்பரா, பழைய வயரிங், விறகடுப்பு. ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசையே போகும். செய்தியின் கடைசி வரியைக் கவனித்திருப்பீர்கள்: ஆவணங்கள், பாடப்புத்தகங்கள், உடைமைகள் முற்றாக எரிந்தன. ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. ஆகவே பை அலுமாரிக்குள் இருக்கக் கூடாது, வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்க வேண்டும். இதே காரணத்துக்காக மெழுகுதிரியைப் பை ஒட்டுவதற்குப் பாவியுங்கள், வெளிச்சத்துக்கு வேண்டாம்.

சரி, அறுபது லீற்றர் தண்ணீரையும் கயிற்றையும் மறந்துவிடுவதா? இல்லை. அவை ஒரு வீட்டின் பொருட்களாக இருக்கக் கூடாது, லயத்தின் பொருட்களாக இருக்க வேண்டும். அதுதான் நான் சண்டை பிடிக்க விரும்பும் இடம். தனித்தனி வீட்டைப் பார்த்து "நீ ஏன் தயாராக இல்லை" என்று கேட்கும் பட்டியல், கடைசியில் ஏழையைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போய்விடும். அலவாங்கும் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் நம்முடைய வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. எந்தக் காம்பராவில் என்ன இருக்கிறது என்று இடாப்பில் எழுதினால் போதும். நீளக் கயிறு, ஆளைத் தூக்கப் படங்கும் இரண்டு கம்பும், மூடியுள்ள தண்ணீர்ப் பரல், பெட்டரி ரேடியோ, பெரிய சட்டி, கொஞ்சம் அரிசி, பருப்பு. லயத்துக்கு ஒன்று அல்லது டிவிசனுக்கு ஒன்று, கோயிலிலோ வாசிகசாலையிலோ பிள்ளை மடுவத்திலோ இருக்கட்டும். யார் பணம் போடுவது? தோட்ட நிர்வாகம் போட வேண்டும், அதைக் கேட்பது தொழிற்சங்கங்களின் வேலை. டவுனில் கடை வைத்திருக்கும் நாங்களும் போட வேண்டும். தோட்டத்து மக்கள் சம்பள நாளில் வந்து வாங்குவதால்தான் எங்கள் கடைகள் நிற்கின்றன. பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். அனர்த்தம் வந்த பிறகு லொறியில் பொதி கொண்டுபோய்ப் படம் எடுப்பதில் நமக்குக் குறையில்லை, மாஷா அல்லாஹ். பாதை மூடிக்கிடக்கும் முதல் மூன்று நாட்களுக்கு அந்த லொறி வராது என்பதையும் போன நவம்பரில் பார்த்தோம்.

எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியவர் சொன்னார், "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பை என்ன செய்யும் மகள்?" நான் சொன்னேன், யூசுப் நபி பஞ்சம் வருமென்று தெரிந்ததும் ஏழு வருடம் தானியம் சேர்த்து வைத்தாரே, அவருக்கு நாட்டத்தில் நம்பிக்கை இல்லையா என்று. அவர் சிரித்துவிட்டு, தன் பிரஷர் குளிசையை எடுத்து நீட்டினார்.

இன்னொரு கேள்விக்கு அவ்வளவு இலகுவாகப் பதில் சொல்ல முடியவில்லை. முகாமில் ஓர் இளைஞன் கேட்டான்: "டீச்சர், பையத் தூக்கிட்டு ஓடச் சொல்றீங்க. ஓடிட்டுத் திரும்ப அதே லயத்துக்குத்தானே வரணும்?" மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மக்கள் கேட்காமல் இருந்துவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். போவதற்குக் காணி எங்கே இருந்தது? ஏழு பேர்ச் என்றார்கள், பத்து பேர்ச் என்றார்கள். இன்னும் எத்தனையோ குடும்பங்கள் அதே வெடிப்பு விழுந்த சரிவில்தான் படுக்கின்றன. ஒரு பை காணிக்குப் பதில் ஆகாது, தம்பி. அதை நான் உன்னிடம் அன்றைக்கும் சொன்னேன். காணிக்காகக் கேட்கும் நாளில் உயிரோடு வரிசையில் நிற்க வேண்டும், கையில் உன் பெயருள்ள காகிதமும் இருக்க வேண்டும், அவ்வளவுக்குத்தான் இந்தப் பை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் கூடுகிறோம். ஒரு பழைய ஸ்கூல் பேக்கும் வீட்டிலுள்ள காகிதங்களும் கொண்டு வாருங்கள். பொலித்தீனும் மெழுகுதிரியும் நாங்கள் வைத்திருப்போம். போட்டோ பிரதி எடுக்க டவுனில் ஒரு தம்பி தன் மெஷினைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், காசு வேண்டாமாம். லயத்துக்கு ஒருவராவது இடாப்பு எழுத வர வேண்டும். காகிதம் தொலைந்தவர்களும் வாருங்கள், எங்கே எப்படி விண்ணப்பிப்பது என்று சேர்ந்து பார்க்கலாம். நான் ஏதாவது பிழையாக எழுதியிருந்தால் கீழே சொல்லுங்கள், திருத்துகிறேன்.

என் பையில் இன்னும் இரண்டு சாமான் குறைகிறது. டின் திறக்கும் கட்டையும் மகனுக்குச் செருப்பும். போன வருடத்துச் செருப்பு அவனுக்குச் சின்னதாகிவிட்டது. நாளைக்கு டவுனில் வாங்க வேண்டும்.